இரண்டு ஆளுக்கு

சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடித் தளத்தில்
முளைக்குச்சி இறங்காது.
சுரங்கக் கூடாரமோ தானாக நிற்காத ரகம்.
முன்னால் ஒரு இழுப்பு, பின்னால் ஒரு இழுப்பு
இருந்தால்தான் முதுகு நிமிரும்.
இல்லாவிட்டால் கொடியிலிருந்து விழுந்த ஈரத்துணி.

ஆகவே ஏழு ஹாலோ பிளாக்,
மூன்று தண்ணீர் கேன்,
கீழ்வீட்டுக்காரர் தூக்கிப்போட்ட கிரைண்டர் கல்.
தை மாத ஞாயிறு, ஆறரை மணி.
எதிர்மலைப் பாறைகள்
இன்னும் பனியை உதறவில்லை.

பச்சை, கடையில் வாங்கியது.
ஏழு நாளைக்குள் திருப்பலாம் என்று பில் சொல்கிறது.
இரண்டு வளைகம்பி, இரண்டு கிலோ நூறு.
செங்கல் நிறம், இம்தியாஸுடையது.
மூன்று வளைகம்பி, மூன்றேகால் கிலோ,
செருப்பைக் கழற்றி வைக்க
வாசலில் துணி இறக்கிய ஒரு தாழ்வாரம்.
ஜவ்வாது மலைக்கு இரண்டு தரம் போய்வந்தது;
மடிப்புகளில் இன்னும் அந்த மண்.
சாயங்காலம் திருப்பித் தரவேண்டும்.

நான் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் செக்கிங்.
எந்தத் துணியைத் தொட்டாலும்
அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று விரல் எண்ணும்.
பச்சையில் எட்டு, எட்டு, எட்டு. குற்றமே இல்லை.
செங்கல் நிறத்தில், உள்ளே இடது மூலையில்,
மூன்று தையல் விட்டிருந்தது.
சட்டைப்பையில் சுருள் எப்போதும் இருக்கும்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று கிழித்து ஒட்டினேன்.
"ஒருநாள் என் தலையிலயும் ஒட்டுவீங்க"
என்பாள் சுகிர்தா.

ஏழே முக்காலுக்கு வந்தாள்,
ரத்த வங்கியில் ராத்திரி டியூட்டி முடிந்து.
கழுத்தில் அட்டையைக்கூடக் கழற்றவில்லை.
கல்யாணமாகி ஐந்து வருஷம்.
நான் எழுந்த இடத்தில் அவள் படுப்பாள்,
தலையணையில் என் சூடு ஆறுவதற்குள்.
மாதத்தில் இருபது நாள்
ஒற்றைக் கட்டிலே எங்களுக்குத் தாராளம்.

முதலில் பச்சைக்குள் நுழைந்தோம்.
பையில் 'இருவருக்கு' என்று அச்சடித்தவன்
எந்த இருவரை அளந்தானோ.
ஒருக்களித்துப் படுத்திருப்பார்கள்,
அதுவும் சண்டை போடாத நாளில்.
என் கால்விரல் துணியில் முட்டியது,
அவள் முழங்கை என் விலாவில்.
"நீங்க புரளணும்னா
நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கணும்" என்றாள்.
எங்கள் மூச்சே கூரையில் ஈரமாகக் கூடி
ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.
தொட்டுப் பார்த்து, "ஓ பாசிட்டிவ்" என்றாள்.
சிரித்த சிரிப்பில் ஒரு பிளாக் நகர்ந்தது.

பிறகு செங்கல் நிறம்.
நடுவே ஒரு சாண் மிச்சம்.
அந்த ஒரு சாணுக்கு ஒரு கிலோவுக்கு மேல் சுமக்கணுமா,
பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றத்தில் யார் தூக்குவது,
தையல் வேறு போயிருக்கிறது,
மழை வந்தால் முதலில் ஒழுகுவது அந்த மூலைதான்
என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.
எதிர்வாதம் வரவில்லை.
திரும்பிப் பார்த்தால்
வாய் லேசாகத் திறந்திருக்க
கை அந்த ஒரு சாணைத் தாண்டி
என் பக்கம் வந்து கிடந்தது.

சத்தம் போடாமல் வெளியே வந்தேன்.
ஒன்பதரைக்கு வெயில் மதிலைத் தாண்டியது.
வேலூர் வெயிலுக்குத் தை, சித்திரை தெரியாது.
போர்வையை மேலே விரித்துக் கட்டினேன்.
பத்துக்குக் காற்று வந்தது.
ஆளில்லாத பச்சை படுத்துவிட்டது; விட்டுவிட்டேன்.
இதன் பின்பக்க கேனும் உருண்டது.
கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு
சுடுகிற தளத்தில் உட்கார்ந்தேன்.
அந்தக் கோடியில் கிரைண்டர் கல்,
இந்தக் கோடியில் நான்.

இடதுகையால் இம்தியாஸுக்குத் தட்டினேன்:
பழசுக்கு என்ன விலை சொல்வே?
தையல் விட்டதைக் காட்டி ஐநூறு குறைக்கலாம்.
எதற்கும் படம் எடுத்து வைப்போம் என்று
வலையை விலக்கி மூலையைப் பார்த்தேன்.
அம்பைக் காணோம்.
அவள் கூந்தலில் ஒட்டியிருந்தது.

நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டன.
பதில் இன்னும் வரவில்லை.